ஒரு ‘ஸ்டேட்டஸ்’... போச்சு வேலை! உடம்பு என்ன பாடுபடும்?

வேலை செய்யும் இடத்தில் மனக்குறை இல்லாதவர் யாராவது உண்டா? மேனேஜர் சரியில்லை, போனஸ் வரவில்லை, லீவு கேட்டால் கிடைக்கவில்லை... புலம்பல்தான்! முன்பெல்லாம் இந்தப் புலம்பல் டீக்கடை பெஞ்சோடு முடிந்துவிடும். வடை ஆறுவதற்குள் கோபமும் ஆறிவிடும். இப்போது அப்படியா? கையில் செல்போன் இருக்கிறது. வாட்ஸ்-அப், பேஸ்புக் இருக்கிறது. பொசுக்கென்று கோபம் வந்தால் பொசுக்கென்று எழுதிவிடுகிறோம். எழுதியது ஆறுவதில்லை. யாரோ ஒருவர் ‘ஸ்கிரீன் ஷாட்’ எடுத்து அனுப்ப, மறுநாள் காலையில் ஆபீசில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.

‘இது வக்கீல் எழுத வேண்டிய விஷயமாச்சே, சித்த மருத்துவருக்கு இதில் என்ன வேலை?’ என்று நினைப்பீர்கள். வேலை போனவர் முதலில் வக்கீலிடம் போவதில்லை ஐயா! வயிற்றெரிச்சல், தூக்கமின்மை, தலைபாரம் என்று எங்களிடம்தான் வருகிறார். நாடி பிடித்துப் பேச்சுக் கொடுத்தால்தான் உள்ளே இருக்கும் கதை வெளியே வரும்.

நம் மதுரையில் வந்த தீர்ப்பு

மேலூர் ரோட்டில் ஒத்தக்கடைக்கு முன்னால் இருக்கிறதே ஹைகோர்ட் கிளை, அங்கே 2023-ஆம் ஆண்டு ஒரு வழக்கு வந்தது. தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகநேரியில் தமிழ்நாடு கிராம வங்கிக் கிளையில் வேலை பார்த்த ஊழியர் ஒருவர். தொழிற்சங்கத்திலும் ஈடுபாடு உள்ளவர். வங்கி நிர்வாகத்தைக் குறை சொல்லி ஊழியர்களின் வாட்ஸ்-அப் குழுவில் சில பதிவுகள் போட்டார். நிர்வாகம் ‘சார்ஜ் மெமோ’ கொடுத்துவிட்டது. அதை எதிர்த்து அவர் மதுரைக்கு வந்தார்.

நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த மெமோவை ரத்து செய்தார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். எந்த அமைப்பிலும் ஊழியருக்கு நிர்வாகத்தின் மீது ஏதாவது குறை இருக்கும். அதைக் கொட்டித் தீர்ப்பது இயல்பு. அப்படிக் கொட்டினால் மனமும் ஆறும். புலம்பித் தீர்த்துக்கொள்ள ஊழியருக்கு உரிமை உண்டு. வீட்டில் உட்கார்ந்து இன்னொரு ஊழியரோடு பேசினால் குற்றமில்லை என்றால், வெளியாள் நுழைய முடியாத ஒரு குழுவுக்குள் பேசியதும் அதே கணக்குத்தான். ஆனால் நிறுவனத்தின் பெயருக்குப் பங்கம் வந்தால் நிர்வாகம் தலையிடலாம்.

மருத்துவனாக இதைப் படித்தபோது ‘மனம் ஆறும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நாங்கள் நோயாளியிடம் தினமும் சொல்வதை ஒரு நீதிமன்றம் சட்டத்தின் மொழியில் சொல்லியிருக்கிறது!

அதே நீதிபதி 2021 டிசம்பரில் இன்னொரு வழக்கை முடித்து வைத்தார். அது நம் வாடிப்பட்டி வழக்கு. கட்சிப் பொறுப்பில் இருந்த ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போனார். அந்தப் போட்டோவை பேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாகக் கிண்டலாக ஒரு வரி எழுதினார். வாடிப்பட்டி போலீசார் வழக்கே போட்டுவிட்டார்கள்! வேடிக்கையாகப் பேசவும் மனிதனுக்கு உரிமை உண்டு என்று சொல்லி வழக்கை ரத்து செய்தது கோர்ட். ஒருவர் சிரிக்கட்டும் என்று எழுதுவதை இன்னொருவர் சிரிக்காமலே படிப்பார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

எல்லோருக்கும் ஒரே முடிவு இல்லை

‘அப்படியென்றால் எதையும் எழுதலாமே?’ என்று கிளம்பிவிடாதீர்கள். கோர்ட்டில் ஜெயித்தவர்கள்கூட அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

திரிபுரா மாநிலத்தில் மீன்வளத் துறையில் வேலை பார்த்த ஒரு பெண் ஊழியர். அரசியல் கூட்டத்துக்குப் போனார், பேஸ்புக்கில் கருத்து எழுதினார் என்று 2018-இல் சஸ்பெண்ட் செய்தார்கள். எப்போது தெரியுமா? ஓய்வு பெறச் சில நாட்களே இருக்கும்போது! ஓய்வுக்காலப் பணமெல்லாம் சிக்கலில் மாட்டிக்கொண்டது. அரசு ஊழியர் என்பதால் ஒருவர் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்று 2020 ஜனவரியில் திரிபுரா ஹைகோர்ட் சொன்னது. தீர்ப்பு அவருக்குச் சாதகம்தான். ஆனால் இடையில் ஒன்றே முக்கால் வருடம்! அந்த ராத்திரிகளை யார் திருப்பிக் கொடுப்பார்?

எழுதியதே தப்பாக இருந்தால் யாரும் துணைக்கு வரமாட்டார்கள். 2018 ஏப்ரலில் கொச்சியில் ஒரு தனியார் வங்கி ஊழியர், ஜம்மு-காஷ்மீரின் கதுவாவில் கொல்லப்பட்ட சிறுமியைப் பற்றிக் கொடூரமாக பேஸ்புக்கில் எழுதினார். ஊரே கொதித்து எழுந்தது. அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாக வங்கி அறிவித்தது. வேலைத்திறன் போதாததால் நீக்கியதாக வங்கி சொன்னது. அந்தப் பதிவையும் கண்டித்தது.

துபாய், அபுதாபி என்று பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், மதத்தை இழித்து எழுதிய இந்தியர்கள் சிலர் ஐக்கிய அரபு எமிரேட்டில் வேலை இழந்தார்கள். பாகுபாடு காட்டுவது நம் பண்புக்கும் சட்டத்துக்கும் விரோதம் என்று அங்கே இருந்த நம் தூதரே நினைவூட்ட வேண்டி வந்தது. அந்த நாட்டில் மத வெறுப்புப் பேச்சுக்கு எதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது. வேலையோடு போகாது, ஜெயிலும் உண்டு.

2013 டிசம்பரில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் மக்கள் தொடர்பு அதிகாரி, லண்டனிலிருந்து தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு விமானம் ஏறும் முன் ஆப்பிரிக்காவையும் எய்ட்ஸையும் சேர்த்து ஒரு கேலி எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதுவதைத் தொடர்ந்து படித்தவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. பதினோரு மணி நேரம் ஆகாயத்தில் இருந்தார். இறங்குவதற்குள் உலகமே படித்துவிட்டது. வேலையும் போய்விட்டது!

வேலை போனால் உடம்பில் என்ன நடக்கிறது?

பாம்பைக் கண்டால் உடம்பு என்ன செய்யும்? நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், வயிறு சுருட்டும், கை கால் சில்லிடும். அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்பிகளின் நீர் ரத்தத்தில் ஏறும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயரும். பாம்பு போய்விட்டால் அரை மணியில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் இங்கே பாம்பு செல்போனுக்குள் இருக்கிறதே! ‘யார் என்ன எழுதியிருக்கிறார்கள்?’ என்று ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்துப் பார்க்கிறார். பார்க்கும்போதெல்லாம் பாம்பு புதிதாகப் படம் எடுக்கிறது. உடம்புக்கு ஓய்வே இல்லை.

எங்கள் சித்த மருத்துவக் கணக்கில், முதலில் கெடுவது வாதம். தூக்கம் போகிறது, மலம் கட்டுகிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது. அடுத்து பித்தம் ஏறுகிறது. புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், தலைசுற்றல், எரிந்து விழுதல். குன்மம் என்கிற வயிற்று நோய்க்குக் காரணம் சொல்லும்போது சாப்பாட்டோடு கோபத்தையும் துக்கத்தையும் சேர்த்துத்தான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். “நெஞ்செல்லாம் எரியுதுங்கய்யா, மூணு வாரமா சோறு இறங்கல” என்றார். மருந்து எழுதினேன். எழுந்து போகாமல் தயங்கினார்.

“ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வேணுங்கய்யா.”

“ஆபீசுக்கா?”

“இல்லங்கய்யா... வீட்டுக்கு.”

எனக்குப் புரியவில்லை. மெதுவாகக் கேட்டபோது சொன்னார். ஓவர்டைம் காசு தரவில்லை என்று முதலாளியைத் திட்டி ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார். “ராத்திரி போட்டேன், காலையில அழிச்சுப்புட்டேன். அதுக்குள்ள அவரு மச்சினன் பார்த்துட்டாக” என்றார். மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. உடம்பு சரியில்லை, லீவில் இருக்கிறேன் என்று பொய் சொல்லியிருக்கிறார். மனைவிக்குச் சந்தேகம் வர, பொய்யை நிஜமாக்க ஒரு சர்டிபிகேட் தேவைப்பட்டிருக்கிறது!

சர்டிபிகேட் தரமாட்டேன், நாளைக்கு வீட்டம்மாவைக் கூட்டி வாருங்கள் என்றேன். கூட்டி வந்தார். என் முன்னால் வைத்தே சொல்லச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “வேலை போனது கூடப் பெருசில்லைங்கய்யா. பதினேழு நாளா ஒத்தையில சுமந்துக்கிட்டு இருந்திருக்காரே, என்கிட்ட சொல்லணும்னு தோணலையே... அதுதான்.” அவர் அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் தடுக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நெஞ்செரிச்சல் பாதி குறைந்திருந்தது. மருந்து பாதி, அழுகை பாதி! பிறகு கப்பலூர் பக்கம் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் குறைவுதான். ஆனால் சோறு இறங்குகிறது என்றார்.

எதை அடக்கலாம், எதை அடக்கக் கூடாது?

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. உடம்பு தானாக வெளியேற்ற நினைப்பதை, தானாகக் கேட்பதை அடக்கக் கூடாது என்பார்கள். வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு ஆகியவை அந்தப் பதினான்கு. கண்ணீரும் தூக்கமும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்! கண்ணீரை அடக்கினால் பீனிசம், தலைநோய், குன்மம் என்று பல தொல்லைகள் வரும் என்று எங்கள் நூல்கள் எச்சரிக்கின்றன. ‘ஆம்பளை அழலாமா?’ என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டியலில் கோபம் இல்லை! அது அடக்கக் கூடாத வேகம் அல்ல. அதற்காக உள்ளேயே வைத்துப் புழுங்கவும் வேண்டாம். ஆள் பார்த்து, இடம் பார்த்து இறக்கி வைக்கலாம். அழுத கண்ணீர் துண்டில் காய்ந்துவிடும். நண்பனிடம் திட்டிய திட்டு காற்றில் போய்விடும். விரலால் எழுதியது மட்டும் அடுத்தவர் கையில் தங்கிவிடுகிறது. அழித்தாலும் எங்கோ ஒரு பிரதி இருக்கும்.

வேறொருவர் எழுதியதை நான் சும்மா அனுப்பினேன் என்பதும் செல்லாது. நடிகர் எஸ்.வி. சேகர் வழக்கு எல்லோரும் அறிந்ததுதான். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018-இல் பேஸ்புக்கில் பகிர்ந்தார். பிறகு நீக்கி, மன்னிப்பும் கேட்டார். 2023 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி என்றது. சுப்ரீம் கோர்ட்டில் அவர் தரப்பு, கண்ணில் சொட்டு மருந்து போட்டிருந்ததால் படிக்காமல் அனுப்பிவிட்டார் என்றது. அதுவும் எடுபடவில்லை. கண்ணுக்கு மருந்து போட்டால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். செல்போனை எடுக்கக் கூடாது. மருத்துவனாக நான் சொல்வது இவ்வளவுதான்!

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

வேலை இழந்தவருக்கு முதல் மருந்து வீட்டில்தான் இருக்கிறது. ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்ற ஒரு வாக்கியத்தை ஒரு மாதத்துக்குப் பூட்டி வையுங்கள். உறவுக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று கணவனும் மனைவியும் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்கும்போது அவர் தனியாக மாட்டக் கூடாது. விவரம் தெரிகிற வயதுப் பிள்ளைகளிடம் எளிமையாக உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பள்ளியில் வேறு யார் வாயிலாவது கேட்பதைவிட இது நல்லது.

பெண்களுக்கு இதில் இரட்டைச் சுமை. ஆசிரியையோ நர்ஸோ வேலை இழந்தால், ‘போனைக் கொடுத்ததே தப்பு’ என்று வீட்டிலேயே இரண்டாவது விசாரணை நடக்கிறது! அவர் போனைப் பிடுங்காதீர்கள். சில நாட்களுக்கு அந்த ‘கமெண்ட்’களைப் படிக்க வேண்டாம் என்று அன்பாகச் சொல்லுங்கள்.

சாப்பாடும் மருந்தும்

* வேளைக்குச் சாப்பாடு முக்கியம். காலையில் இட்லி, இடியாப்பம். மதியம் மணத்தக்காளிக் கீரை, வெண்பூசணிக் கூட்டு, மோர். ஊறுகாய், பரோட்டா சால்னா, எண்ணெய்ப் பலகாரம் கொஞ்ச நாள் வேண்டாம். காபி, டீ இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம்.

* சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை அன்று முழுவதும் குடியுங்கள். புளித்த ஏப்பத்துக்கு நல்லது.

* தூக்கம் வராவிட்டால் இளஞ்சூடான பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் போட்டு இரவில் குடிக்கலாம். சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

* வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியல். அன்று பகல் தூக்கம் கூடாது. காய்ச்சல், சளி இருக்கும்போது வேண்டாம்.

* அமுக்கராச் சூரணம் நல்ல மருந்து. ஆனால் தைராய்டுக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. மருத்துவரைப் பாருங்கள்.

* வருமானம் இல்லையே என்று பிரஷர், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.

* நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை வந்தால் ‘கேஸ்’ என்று ஓமத் தண்ணீர் குடித்து உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அது என் சிகிச்சைக்குரிய நேரம் அல்ல.

குடியை மட்டும் துணைக்கு அழைக்காதீர்கள். குடித்தால் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். நடுராத்திரியில் விழிப்பு வந்து, அந்த நேரத்தில்தான் அடுத்த பதிவு எழுதப்படுகிறது!

‘நான் இருந்து என்ன பயன்?’, ‘முகத்தைக் காட்ட முடியல’ என்று ஒருவர் சொன்னால் அதைச் சாதாரணப் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் போவதற்கு வெட்கப்படத் தேவையில்லை. சித்த மருந்தோடு அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை

கோபத்தில் அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மிரட்டி வாங்கினாலும் ஒருநாள் அவகாசம் கேளுங்கள். எதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். மெமோ வந்தால் குறித்த நாளுக்குள் பணிவான பதில் கொடுங்கள். அரசு ஊழியர் சஸ்பெண்ட் ஆனால் பிழைப்பூதியம் உண்டு. அவர்களுக்கு 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் உண்டு. அதை ஒருமுறையாவது படித்து வையுங்கள். தனியார் ஊழியர்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

எழுதும் முன் நாலு கேள்வி

ஒன்று, நான் பசியோடு இருக்கிறேனா? இரண்டு, தூக்கக் கலக்கமா? மூன்று, கோபம் வந்து ஒருநாள் ஆகிவிட்டதா? நான்கு, இதை என் மேலதிகாரி உரக்கப் படித்தால் நான் பக்கத்தில் நிற்பேனா?

நான்காவது கேள்விக்கு ‘நிற்பேன்’ என்று பதில் வந்தால் தாராளமாக எழுதுங்கள். சம்பளப் பாக்கியைக் கேட்பதும், அநியாயத்தைச் சொல்வதும் குற்றமில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் அநியாயம்தான் கொழுக்கும். ஆளைத் திட்டாமல் விஷயத்தைச் சொல்லுங்கள், கையில் ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள், தனியாக எழுதாமல் சங்கமாகச் சேர்ந்து சொல்லுங்கள். மற்ற மூன்று கேள்விகளில் ஒன்று இடறினாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுங்கள். காலையிலும் அதே கோபம் இருந்தால் அது நியாயமான கோபமாகத்தான் இருக்கும். அதற்கு நல்ல வார்த்தையும் அப்போது கிடைக்கும்.